இருட்டுக்குள் இருந்தது யார்? தனிசாக்கியின் நிழல்களும் ஜப்பானியச் சித்திரப்பட வீடுகளும்

சில வருடங்களுக்கு முன்பு குப்பி விளக்கைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதினேன். அது ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. களிமண் சுவரில் ஆடும் நிழல், மண்ணெண்ணெய் வாசம், விளக்கைச் சுற்றியிருந்து ஓதிய பிள்ளைகள் என்று, போய்விட்ட ஒரு வெளிச்சத்துக்கான ஏக்கமே அதன் பொருள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் பாராட்டினார்கள். உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு உம்மா சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிரிக்காய் மகன். ஆனா அந்தப் புகைக்குள்ள இருமி இருமிச் சோறாக்கினது நானெல்லுவா? கறண்ட் வந்த அண்டைக்கு நான் ரெண்டு றக்அத் ஷுக்ராத் தொழுதன். அதையும் எழுதியிருக்கலாமே."

அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அதன் பிறகு, இலக்கியத்திலும் கலையிலும் வீடொன்றின் வெளிச்சமும் இருட்டும் எப்படிச் சித்திரிக்கப்படுகின்றன, யாருடைய கண்ணால் பார்க்கப்படுகின்றன என்ற கேள்வி என்னை விடவில்லை. இக்கேள்வியை நம்மை விட ஆழமாகவும் நீண்ட காலமாகவும் யோசித்த ஒரு சமூகம் உண்டு. அது ஜப்பான். எழுத்தில் தொடங்கிய அந்த யோசனை, இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கும் 'அனிமே' என்ற சித்திரப்படம் வரைக்கும் வந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியக் காலாண்டிதழ் ஒன்றில் கார்ட்டூனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்பதாம் ஆண்டு மாணவி ஒருத்தி "சேர், டொடொரோ பாத்தீங்களா?" என்று கேட்டதற்கு நானும் முதலில் அப்படித்தான் முகத்தைச் சுளித்தேன். உருவம் வரைதல் குறித்து நம்மிடையே மார்க்க ரீதியான கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதையும் அறிவேன். அதைத் தீர்த்துவைக்க நான் ஆலிம் அல்லன். இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் ஆட்களைப் பற்றியல்ல. சுவர், கூரை, தாழ்வாரம், சன்னல், விளக்கு ஆகியவற்றைப் பற்றியே.

1

ஜூன்இச்சிரோ தனிசாக்கி (1886 - 1965) ஜப்பானிய நாவலாசிரியர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர். 1933 இறுதியிலும் 1934 தொடக்கத்திலும் சஞ்சிகையொன்றில் இரு பகுதிகளாக அவர் எழுதிய கட்டுரை 'இனெய் ரய்சான்'. நிழல்களின் புகழ் என்று பொருள் கொள்ளலாம். 1977இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக அது உலகெங்கும் கட்டடக் கலைஞர்களின் பாடநூல் போலாயிற்று. நானும் ஆங்கிலத்திலேயே வாசித்தேன்.

கட்டுரை மிகச் சாதாரணமான ஒரு தொல்லையுடன் தொடங்குகிறது. ஜப்பானியப் பாணியில் வீடு கட்ட விரும்பும் ஒருவர், மின்சாரக் கம்பிகளையும் எரிவாயுக் குழாய்களையும் எங்கே ஒளிப்பது? அங்கிருந்து அவர் மெல்ல மெல்ல ஒரு பெரிய வாதத்துக்குப் போகிறார். ஜப்பானிய வீட்டின் கூரை தாழ்ந்து நீண்டு இறங்குவது. வெயில் நேரே உள்ளே வருவதில்லை. தாழ்வாரத்தில் பட்டு, கடதாசி ஒட்டிய 'ஷோஜி' கதவில் வடிந்து, சோர்ந்த வெளிச்சமாகத்தான் அறைக்குள் நுழைகிறது. அறையில் அலங்காரம் என்று ஒன்றுமில்லை. நிழலின் அடர்த்தி மாறுவதே அங்கே அலங்காரம். அரக்குப் பூச்சுள்ள பாத்திரத்தை மின்குமிழின் கீழ் வைத்தால் மலிவாகத் தெரியும். மெழுகுவர்த்தியின் முன் வைத்தால் அதன் ஆழம் புரியும். கோயில்களிலும் மாளிகைகளிலும் தங்கத் தகட்டைப் பயன்படுத்தியது பகட்டுக்காக மட்டுமல்ல, இருண்ட உள்ளறையில் தூரத்து வெளிச்சத்தின் கடைசித் துளியைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதற்காகவும்தான் என்கிறார். இந்த இடங்களை வாசிக்கும்போது நமக்கும் சில பொருள்கள் நினைவுக்கு வரும். பழைய பள்ளிவாசல்களின் தடித்த தூண்களுக்கிடையில் அஸருக்குப் பிறகு படியும் மங்கல் வெளிச்சம் எனக்கு நினைவுக்கு வந்தது. சூறா நூரில் ஒளிக்கு உவமையாக மாடக்குழியும் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கும் வருவது எதனால் என்பதையும் யோசித்தேன். சுற்றிலும் இருட்டில்லாமல் மாடக்குழிக்கு அழகில்லை.

கட்டுரையின் முடிவு நம் போன்றோருக்கு இன்னும் முக்கியமானது. மின்சாரம் வெல்லப் போகிறது, நாடு பின்திரும்பப் போவதில்லை என்பதைத் தனிசாக்கி ஏற்றுக்கொள்கிறார். ஆனால், இலக்கியம் என்ற ஒரு வீட்டிலாவது தாழ்ந்த கூரையையும் இருண்ட சுவரையும் விட்டுவைக்க முடியாதா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

அழகான வாதம். நானும் அதில் மயங்கியவன். எனினும் இரண்டாம் முறை வாசிக்கும்போது சில இடங்கள் உறுத்தத் தொடங்கின.

முதலாவது, அந்த இருட்டுக்குள் இருந்த பெண்கள். பழைய காலத்துப் பெண்கள் வெளிச்சம் குறைந்த உள்ளறைகளிலேயே வாழ்ந்தார்கள், பற்களைக் கறுப்பாக்கிக் கொண்டார்கள், முகம் மட்டும்தான் அவர்களுடைய இருப்பாகத் தெரிந்தது என்று அவர் எழுதுகிறார். அதை ஓர் அழகியலாகவே எழுதுகிறார். பாவைக்கூத்தின் பொம்மைக்கு முகமும் கைகளும் போதும் என்பதுபோல அந்தப் பெண்களுக்கும் போதும் என்கிறார். அப்பெண்கள் என்ன நினைத்தார்கள் என்ற வினா கட்டுரையில் எழவேயில்லை. இரண்டாவது, மேனி நிறத்தைப் பற்றி அவர் சொல்பவை. வெள்ளையரின் தோலையும் ஜப்பானியரின் தோலையும் ஒப்பிட்டு எழுதும் பக்கங்களை இன்று கூச்சமின்றி வாசிக்க முடியாது. மூன்றாவது ஒரு சம்பவம். ஆங்கிலப் பதிப்பின் பின்னுரையில் அவருடைய மனைவி சொன்னதாக வருகிறது. தனிசாக்கி புதுவீடு கட்ட நினைத்தபோது, கட்டடக் கலைஞர் பெருமையுடன், உங்கள் கட்டுரையை வாசித்திருக்கிறேன், உங்களுக்கு எப்படியான வீடு வேண்டுமென்று எனக்குத் தெரியும் என்றாராம். அப்படியொரு வீட்டில் என்னால் வசிக்கவே முடியாது என்பதே தனிசாக்கியின் பதிலாக இருந்ததாம்.

இதை வைத்து அவரை நையாண்டி செய்வது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். ஏனெனில் குப்பி விளக்குக் கவிதையை மின்விளக்கின் கீழிருந்து எழுதியவன் நான்.

நான்காவது விடயம் காலம் சார்ந்தது. அக்கட்டுரை வெளிவந்து நான்கு வருடங்களுக்குள், 1937இல், ஜப்பானில் வான் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வீடுகளின் விளக்கொளியைக் கட்டுப்படுத்துவது அதன் ஓர் அங்கம். தனிசாக்கி இலக்கியத்துக்காகக் கேட்ட இருட்டை, சில ஆண்டுகளில் அரசு ஆணையாகவே வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது. அந்த இருட்டைப் புகழ்ந்து எழுத யாருக்கும் மனம் வரவில்லை. போரைச் சிறுவயதில் கண்டவர்களும், போரை அறியாத பின்வந்தவர்களும் அந்த இருட்டைத் திரும்பப் பார்த்த இடங்களில் ஒன்றுதான் சித்திரப்படம்.

2

படங்களுக்குப் போவதற்கு முன் அவற்றின் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் வெளிச்சத்தைப் பற்றிய பேச்சு வெறும் வியப்பாக முடிந்துவிடும்.

கணினி வருவதற்கு முந்திய சித்திரப்படத்தில் பின்னணி வேறு, ஆட்கள் வேறு. பின்னணியைக் கடதாசியில் போஸ்டர் வர்ணத்தால் ஓவியமாகத் தீட்டுவார்கள். ஆட்களை ஒளிபுகும் தாள்களில் கோடாக வரைந்து, தாளின் பின்புறத்தில் தட்டையாக நிறம் பூசுவார்கள். ஒரு முகத்துக்குப் பெரும்பாலும் இரண்டே நிறம்: வெளிச்சம் பட்ட நிறம், நிழல் விழுந்த நிறம். ஆகவே ஓர் அறை காலையா மாலையா, மழையா வெயிலா, வறுமையா வசதியா என்பதைச் சொல்லும் பொறுப்பு பெரிதும் பின்னணி ஓவியரின் தூரிகையிலும், ஆட்களின் நிறத்தைத் தீர்மானிப்பவரின் கண்ணிலும்தான் இருந்தது.

விளக்கு, மின்மினி, தீ போன்றவற்றுக்கு இன்னொரு வழி இருந்தது. கறுப்புத் தாளில் விளக்கின் வடிவத்தை மட்டும் வெட்டியெடுத்து, அடியிலிருந்து உண்மையான வெளிச்சத்தைப் பாய்ச்சி, ஏற்கெனவே படம்பிடித்த அதே சுருளில் இரண்டாம் முறை பதிவார்கள். பூசிய மஞ்சள் நிறமன்றி, துளை வழியாக வந்த மெய்யான ஒளியே படச்சுருளைத் தொடும். பழைய படங்களில் ஒரு சிறு விளக்கு நம்மைப் பிடித்து நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்முறை மெல்ல மறைந்தது. ஜிப்ளி கலையகத்தின் 'இளவரசி மொனொனொக்கே' (1997) பெரும்பாலும் தாளில் செய்யப்பட்டுச் சில பகுதிகள் கணினியில் ஆக்கப்பட்ட படம். அதே கலையகத்தின் 'அயலவர் யமதா குடும்பம்' (1999) முழுவதும் கணினியில் ஆக்கப்பட்டது. அதன்பின் வெளிச்சத்தை எங்கும் எவ்வளவும் பரப்பலாம் என்றாயிற்று. இந்த வசதியின் விளைவைப் பிறகு பார்ப்போம்.

3

1988 ஏப்ரல் 16ஆம் திகதி ஜிப்ளி கலையகம் இரண்டு படங்களை ஒரே காட்சியில் சேர்த்து வெளியிட்டது. ஒன்று ஹயாவோ மியசாக்கியின் 'என் அயலவன் டொடொரோ'. மற்றையது இசாவோ தகாஹத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை'. சிரிக்கப் போன பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்பியிருப்பார்கள். இன்று பார்க்கும்போது அது தற்செயலாக அமைந்த ஒரு நல்ல பாடமாகத் தோன்றுகிறது. இருட்டின் இரண்டு முகங்கள் ஒரே கொட்டகையில்.

'டொடொரோ'வில் 1950களின் கிராமம். தாய் வைத்தியசாலையில். தகப்பன் தன் இரு பெண்பிள்ளைகள் சத்சுக்கியுடனும் மேயுடனும் பழைய வீடொன்றுக்குக் குடிவருகிறார். பாதி ஜப்பானியப் பாணி, பாதி மேல்நாட்டுப் பாணியான வீடு. நீண்ட காலம் பூட்டிக் கிடந்த அதன் உள்ளறையைப் பிள்ளைகள் திறந்ததும், கறுப்பு உருண்டைகளாக ஏதோ சிதறி ஓடுகிறது. தகப்பன் அதற்குப் பௌதிக ஆசிரியர் போல ஒரு விளக்கம் கொடுக்கிறார்: வெயிலிலிருந்து சட்டென்று இருட்டுக்குள் வந்தால் கண் தடுமாறி அப்படித் தெரியும். அயல்வீட்டு மூதாட்டியோ, ஆளில்லாத வீட்டில் குடியிருக்கும் புகைக்கரிச் சிறுசுகள் அவை, நல்லவர்கள் குடிவந்தால் தாமாகவே போய்விடும் என்கிறார். படம் இரண்டையும் மறுக்கவில்லை.

இரவில் காற்று வீட்டை உலுக்குகிறது. குளியலறையில் மங்கல் வெளிச்சம். பிள்ளைகளின் முகத்தில் பயம். தகப்பன் வலிந்து பெரிதாகச் சிரிக்கத் தொடங்க, பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். கரிச்சிறுசுகள் கூரையிலிருந்து கிளம்பி நிலவை நோக்கிப் போகின்றன. தாயில்லாத வீட்டின் முதல் இரவு இது. அந்த வீட்டை வசிக்கத்தக்கதாக்குவது விளக்கின் வெளிச்சத்தைவிட அந்தச் சிரிப்புத்தான். ஆனால் சிரிப்பு இருட்டின் நடுவில் எழுவதால்தான் அதற்கு எடை கிடைக்கிறது.

கலை இயக்குநர் கசுவோ ஓகாவின் பின்னணிகளைக் கவனித்துப் பார்த்தால், வீட்டின் உட்புறம் எங்குமே முழுக் கறுப்பாக இல்லாதிருப்பது தெரியும். மரத்தூணின் நிழலில் பழுப்பும் பச்சையும் கலந்திருக்கும். வெளியிலுள்ள மரங்களின் பச்சை தாழ்வாரம் வழியாக வீட்டுக்குள் கசிந்திருக்கும். தனிசாக்கி விவரித்த வீட்டின் ஒளி இதுதான். ஆயினும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தனிசாக்கியின் அறையில் ஓர் ஆண் தனியே அமர்ந்து நிழலை ரசிக்கிறார். மியசாக்கியின் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள், சன்னலைத் திறக்கிறார்கள், தரையைத் துடைக்கிறார்கள், மாடிப்படியின் இருட்டை நோக்கிக் கத்துகிறார்கள். அந்த நிழலில் வாழ்பவர்களே அதைப் பார்க்கவும் செய்கிறார்கள்.

மியசாக்கியின் பிந்திய படமான 'சிஹிரோவின் மாயப் பயணம்' (2001) 2002இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியையும் 2003இல் ஒஸ்காரையும் பெற்றது. அதில் அந்தி விழும் வேளையில் ஆளில்லாத தெருவின் விளக்குகள் ஒன்றொன்றாக ஏற்றப்படும் காட்சியொன்றுண்டு. பெற்றோர் பேராசையுடன் உண்டு பன்றிகளாகிவிட்டார்கள். விளக்கு எரிய எரிய, தெருவில் கறுப்பு உருவங்கள் தெரியத் தொடங்குகின்றன. இங்கே வெளிச்சம் ஆறுதலைத் தரவில்லை, பயத்தையே தருகிறது. அந்தியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லே 'அங்கே வருவது யார்' என்ற கேள்வியிலிருந்து பிறந்தது என்பார்கள். மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தும் நம் வீடுகளில் இக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது. என் மாணவிக்கும் தேவைப்படவில்லை.

4

'மின்மினிகளின் கல்லறை' அகியூக்கி நொசாக்கா 1967இல் எழுதிய கதையிலிருந்து உருவானது. நொசாக்கா போர்க்காலத்தில் தன் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். படத்தை இயக்கிய தகாஹத்தா (1935 - 2018) ஒன்பது வயதில், 1945 ஜூன் 29ஆம் திகதி, ஒகயாமா நகர் மீதான குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். இருவரும் இருட்டைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

கோபே நகரின் மீது விழும் தீக்குண்டுகள்தான் படத்தின் முதல் வெளிச்சங்களில் ஒன்று. தலைப்பிலேயே அதற்கான குறிப்பு இருக்கிறது. மின்மினிக்கு வழக்கமாக எழுதும் எழுத்தைத் தவிர்த்து, 'தீ', 'சொட்டுதல்' என்று பொருள்படும் எழுத்துகளால் அச்சொல் எழுதப்பட்டிருக்கிறது. மின்மினியும் தீக்குண்டும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

தாயை இழந்த செயித்தாவும் தங்கை செத்சுக்கோவும் உறவினர் வீட்டை விட்டு வெளியேறி, மலையோரப் பதுங்கு குழியொன்றில் குடியேறுகிறார்கள். இரவில் அங்கே விளக்கில்லை. மின்மினிகளைப் பிடித்துக் கொசுவலைக்குள் விடுகிறார்கள். சில நிமிடங்கள் அந்தக் குழி மாளிகை போலாகிறது. கடற்படை அதிகாரியான தகப்பனின் போர்க்கப்பல் அணிவகுப்பு செயித்தாவின் நினைவில் எழுகிறது. காலையில் மின்மினிகள் செத்துக் கிடக்கின்றன. செத்சுக்கோ சிறு குழி தோண்டி அவற்றைப் புதைக்கிறாள். மின்மினி ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது என்று கேட்கிறாள்.

இக்காட்சியை வெறும் சோகம் என்று விட்டுவிடக் கூடாது. இருட்டில் ஓர் சிறு ஒளியின் அழகு என்ற தனிசாக்கியின் கருத்தைத் தகாஹத்தா முழுமையாக ஒப்புக்கொள்கிறார். அக்காட்சி உண்மையிலேயே அழகானது. ஆனால் அவர் காலைவரை காத்திருக்கிறார். அழகுக்குக் கொடுத்த விலையைப் பிள்ளையின் கையில் வைத்துக் காட்டுகிறார். போர்க்கப்பல்களின் வெளிச்சமும் அவ்வாறே ஒரு இரவுக்கு ஒளிர்ந்து செத்தது என்பதையும் சொல்லாமல் சொல்கிறார்.

கோடுகளிலும் ஒரு முடிவு இருக்கிறது. ஆட்களின் வெளிக்கோட்டுக்கு வழக்கமான கறுப்பைத் தவிர்த்துப் பழுப்பு நிறம் பயன்படுத்தப்பட்டது. அதனால் பிள்ளைகளின் உருவம் பின்னணியிலிருந்து வெட்டித் தெரியாமல், மண்ணோடும் புகையோடும் கலந்து நிற்கிறது. இறந்த பின்னர் தம் வாழ்வைப் பார்க்கும் அவ்விருவரின் ஆவிகளும் செந்நிற ஒளியில் தோன்றுகின்றன. படம் முடியும்போது அவர்கள் குன்றிலிருந்து கீழே பார்க்கிறார்கள். நவீன கோபே நகரின் கட்டடங்கள் விளக்குகளால் மின்னுகின்றன. அந்த ஆயிரம் சன்னல்களில் ஒன்றிலாவது இவர்களை நினைப்பவர் இருக்கிறாரா என்ற கேள்வியுடன் நாம் எழுந்து போகிறோம்.

5

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2016இல், சுனாவோ கதபுச்சி இயக்கிய 'உலகின் இந்த மூலையில்' வெளிவந்தது. ஃபுமியோ கோனோ என்ற பெண் ஓவியரின் சித்திரக்கதையைத் தழுவியது. ஹிரோஷிமாவில் பிறந்து, கடற்படைத் துறைமுகமான குரே நகரில் மருமகளாக வாழவந்த சுசு என்ற பெண்ணின் கதை. சமைக்கிறாள், தைக்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள், இடையிடையே படம் வரைகிறாள். வான் தாக்குதலுக்குப் பயந்து வீட்டின் ஒற்றை விளக்கைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். மேசை மீது ஒரு சிறு வட்ட வெளிச்சம் மட்டும் விழும். குடும்பம் அந்த வட்டத்துக்குள்ளே உண்கிறது, பேசுகிறது, தைக்கிறது.

தனிசாக்கியின் அறைக்கும் இந்த அறைக்கும் பார்வைக்குப் பெரிய வேறுபாடில்லை. அதே பாய், அதே கடதாசிக் கதவு, அதே மங்கல். ஆனால் இந்த நிழலை அவ்வீட்டார் தெரிவு செய்யவில்லை. 1945 ஆகஸ்ட் 15இல் சரணடைவு அறிவிக்கப்படுகிறது. அன்றிரவு விளக்கின் துணி அகற்றப்படுகிறது. வெளிச்சம் அறையை நிறைத்து வெளியே வழிகிறது. மலைச்சரிவெங்கும் வீடுகள் ஒளிர்கின்றன. வெற்றியும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. சுசு அதற்குள் தன் வரையும் கையை இழந்துவிட்டாள், உறவுகளை இழந்துவிட்டாள். எனினும் ஒரு வீடு தன் வெளிச்சத்தைத் திரும்பப் பெறுவது என்றால் என்ன என்பதை இதைவிட அடக்கமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

1990ஆம் ஆண்டின் இரவுகளை நினைவில் வைத்திருக்கும் நம் கிழக்குக் கிராமத்தவர்கள் இக்காட்சியை என்னைவிட நன்றாக விளங்கிக்கொள்வார்கள். விளக்கைத் தணித்து, பிள்ளையின் வாயைப் பொத்தி, வெளியே காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்த இருட்டு அது. அந்த இருட்டை நம் சிறுகதைகள் எவ்வளவு தூரம் எழுதியிருக்கின்றன? சம்பவங்களை எழுதியிருக்கிறோம். பெயர்களையும் எண்ணிக்கையையும் எழுதியிருக்கிறோம். அந்த இரவுகளில் வீட்டின் உள்ளே வெளிச்சம் எங்கே இருந்தது, யார் அதை அணைத்தார், மறுபடி முதல் விளக்கை ஏற்றியவர் யார் என்பதை நாம் போதிய அளவு எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

6

இனி இன்றைய வெளிச்சத்துக்கு வருவோம். போருக்குப் பின்னரான ஜப்பானிய வீடுகளில் கூரையின் நடுவே தொங்கும் ஒளிர்குழாய் விளக்கு பரவலாயிற்று. மூலை முடுக்கெல்லாம் ஒரே வெள்ளை. ஹிதெயாகி அன்னோவின் 'எவாஞ்ஜெலியன்' (1995) தொடரில் இந்த வெள்ளை ஒரு பாத்திரம் போலவே வருகிறது. அதன் இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பே பழக்கமில்லாத கூரையைப் பற்றியது. வைத்தியசாலையில் கண் விழிக்கும் பதினான்கு வயதுப் பையன் முதலில் பார்ப்பது அதைத்தான். ரெய் என்ற சிறுமியின் குடியிருப்போ வெறும் கொங்கிறீற்றுச் சுவரும் ஒரு கட்டிலும். நிழல் இல்லாததால் ஒளிந்துகொள்ள இடமில்லாத பிள்ளைகள் இவர்கள்.

மக்கோத்தோ ஷின்காய் வேறு வழியில் போனார். 2002இல் பெரும்பகுதியைத் தானே கணினியில் செய்து 'தூரத்து நட்சத்திரத்தின் குரல்' என்ற குறும்படத்தை வெளியிட்டு அறியப்பட்டவர். 'விநாடிக்கு 5 சென்ரிமீற்றர்' (2007), 'சொற்களின் பூங்கா' (2013), 'உன் பெயர்' (2016) ஆகியவை அவரை உலகறியச் செய்தன. அவருடைய படங்களில் வெளிச்சம் எங்கும் நிறைந்திருக்கிறது. 'சொற்களின் பூங்கா'வில் மழைநாளின் பச்சை, ஆட்களின் கன்னத்திலும் கழுத்திலும் பிரதிபலிக்கிறது. முன்பு பின்னணிக்கு மட்டும் உரியதாக இருந்த ஒளி, ஆட்களின் மேனிக்கும் வந்துவிட்டது. இது உண்மையான சாதனை.

ஆனால் எனக்கொரு குறையுண்டு. ஷின்காயின் அறைகளில் கலைந்த படுக்கையும் கழுவாத கோப்பையும்கூடப் பொன்னொளியில் மினுங்குகின்றன. எல்லாம் அழகாக இருக்கும்போது எதுவும் யாருடையதாகவும் தோன்றுவதில்லை. ஒளி பெரும்பாலும் சன்னலுக்கு வெளியிலிருந்தே, வானத்திலிருந்தே வருகிறது. அதை ஏற்றிய கை தெரிவதில்லை. இதற்கு நல்ல விதிவிலக்கு 'விநாடிக்கு 5 சென்ரிமீற்றர்' படத்தின் முதற் பகுதியில் இருக்கிறது. பனியில் புகையிரதம் பல மணி நேரம் தாமதித்த பிறகு சிறுவன் இவஃபுனெ நிலையத்தில் இறங்குகிறான். காத்திருப்பு அறையில் ஓர் அடுப்பின் அருகே அந்தச் சிறுமி, தான் சமைத்த உணவுடன், இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அறையின் வெளிச்சம் அவளுடைய காத்திருப்பால் எரிகிறது. அவருடைய பெரிய வானங்கள் அனைத்தையும்விட இந்தச் சிறிய அறை எனக்கு நெருக்கமானது.

இந்த ஒளிப்பாணி நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகளின் மண்டபங்களில் போலிக் கூரையும் அதன் ஓரத்தில் ஒளிந்தெரியும் நீல, ஊதா எல்.இ.டி. பட்டிகளும். பிள்ளைகளின் அறைகளில் படத்தில் பார்த்த வெளிச்சம். அதை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. தன் அறை எந்த நிறத்தில் இருக்க வேண்டுமென்று ஒரு பெண்பிள்ளை தீர்மானிப்பது, அவளுடைய மூத்தம்மாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு.

7

2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அலுமாரிக்குப் பின்னாலிருந்த குப்பி விளக்கைத் தேடியெடுத்தோம். ஆனால் ஊற்ற எண்ணெய் இல்லை. உம்மா என்னைப் பார்த்து, "எழுதன் மகன், இப்ப ஒரு கவிதை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எழுத எனக்கு முடியவில்லை.

தனிசாக்கி சொன்னதை நான் நிராகரிக்கவில்லை. நிழல் இல்லாத வீடு வசிக்கத்தக்கதன்று, நிழல் இல்லாத எழுத்தும் அப்படியே. எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுச் சொல்லிவிடும் கதைகளால் நம் இதழ்கள் நிறைந்திருக்கின்றன என்பதும் உண்மை. அவருடைய கட்டுரையில் இல்லாத ஒரு வினாவை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த இருட்டு யாருக்கு அழகு, யாருக்குச் சுமை? சிமினியைச் சாம்பலால் துடைத்தது யார்? எண்ணெய் தீரும் என்று விளக்கைச் சீக்கிரம் அணைக்கச் சொன்னது யார், அதனால் பாதியில் புத்தகத்தை மூடியது யார்? மியசாக்கி பிள்ளைகளிடமிருந்தும், தகாஹத்தா இறந்துபோன தங்கையிடமிருந்தும், கதபுச்சி ஒரு மருமகளிடமிருந்தும் இக்கேள்விக்குப் பதில் பெற்றார்கள். கார்ட்டூன் என்று நாம் ஒதுக்கும் இடத்தில் இந்த அக்கறை இருக்கும்போது, இலக்கியம் என்று நாம் பெருமைப்படும் இடத்தில் அது குறைவாக இருப்பது வெட்கப்பட வேண்டிய விடயம். இதில் முதலில் வெட்கப்பட வேண்டியவன் நானே.

அந்தக் கவிதையைத் தொகுப்பில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். மறுபடி எழுதிப் பார்க்கிறேன். சுவரில் ஆடும் நிழலை நீக்கவில்லை, அது உண்மைதான். ஆனால் இப்போது கவிதை, இருமலை அடக்கிக்கொண்டு திரியைத் தூண்டிவிடும் ஒரு கையிலிருந்து தொடங்குகிறது. முடிந்ததும் உம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும்.